குதிரைக்கு ஒரு வேண்டுதல்

ஆடி 2, வியாழன்

இன்று அவரைக் குதிரையிடம் கூட்டிக்கொண்டு போனேன். இப்படி ஒரு வரியை நான் எழுதுவேன் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இப்போது சிரிக்கத் தெம்பில்லை.

வனஜாதான் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு இந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். மகள்கள் தூரத்திலிருந்து கண்டுபிடிப்பார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் தூக்கிச் சுமக்க வேண்டும். கிருமாம்பாக்கத்திலிருந்து பாகூர் போகிற ரோட்டில், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு குதிரைக் கொட்டகை. நடத்துவது ரெஜினா என்கிற அம்மா. கை கால் பயிற்சி கொடுக்கிற படிப்பு படித்தவர். பக்கவாதம் வந்தவர்களும் உடம்பு வளையாத பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள். குதிரை நடக்கும்போது அதன் முதுகில் இருப்பவரின் இடுப்பு, தானே நடக்கிற மாதிரி அசையுமாம். அசைந்தால் நரம்புக்கு நடை ஞாபகம் வருமாம். வந்தால் நல்லதுதான்.

ரெஜினா அவரைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, உங்க பேரு என்ன?"

"வரதராஜுலு. கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்தாரு. ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம். போன கார்த்திகைல வலது பக்கம் இழுத்துக்கிச்சு. பேச்சு போயிடுச்சு" என்றேன்.

"நான் ஐயாவைக் கேட்டேம்மா."

"அவருக்குத்தான் பேச வராதே."

அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெயிலில் கால் கடுத்தது.

குதிரையின் பெயர் மிட்டாய். கிழட்டுப் பெண் குதிரை, வெல்லப்பாகு நிறம். பார்த்துக்கொள்கிறவர் கலியபெருமாள். குதிரைக்கு எதுவும் கொடுக்கக்கூடாது, கேரட்கூடக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று கொட்டகைத் தூணில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். வாயாலும் சொன்னார்கள். சரி என்றேன்.

பஸ்ஸில் போனால் கூட வேலை பார்த்தவர்கள் பார்ப்பார்கள் என்று ஆட்டோவில் போனோம். அவருக்கு அது பிடிக்காது. நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

தூக்கம்: விட்டு விட்டு.

ஆடி 3, வெள்ளி

தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பூஜை முடித்து, அவருக்குக் கஞ்சி ஊட்டி முடிக்கப் பத்து மணி. காப்பிக்குச் சர்க்கரை போடுவதில்லை. போட்டால் ஆகாது. டம்ளரைத் தள்ளினார், கை சரியில்லாததால் தட்டிவிட்டது. தரையைத் துடைத்தேன்.

அந்தோணிசாமி வந்தார். அவர் ஓட்ட, இவர் சீட்டுக் கிழிக்க, இருபது வருஷம் ஒரே வண்டி. "எங்க நம்மாளு?" என்று செருப்பைக் கழற்றினார். தூங்குகிறார் என்றேன். வாசலோடு போய்விட்டார். வாயோரம் ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று பார்த்தேன். உள்ளே போனால் இவர் விழித்துத்தான் இருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு வலிக்கும்போல, தைலம் தேய்த்துவிட்டேன்.

ஆடி 6, திங்கள்

இன்று ஏற்றவில்லை. பிரஷ்ஷை இடது கையில் கொடுத்து மிட்டாயின் கழுத்தைத் தேய்க்கச் சொன்னார்கள். நான் போய், "இப்படிங்க, மேலேர்ந்து கீழ" என்று கையைப் பிடித்தேன். குதிரை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஒதுங்கியது.

"அம்மா, நீங்க அந்த பெஞ்சுல உக்காருங்க" என்றார் ரெஜினா.

"பழக்கம் இல்லாம பயப்படுது."

"இல்லம்மா. அவசரமா கிட்ட வந்தா அதுக்கு ஆகாது."

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் தேய்த்தார். பிறகு ரெஜினா வலது கையை எடுத்துக் குதிரையின் விலாவில் வைத்து, தன் கையையும் மேலே வைத்துக்கொண்டார். எட்டு மாதமாக அந்தக் கை மடியில் கிடக்கும், நான் எடுத்து வைத்த இடத்தில். குதிரை மூச்சு விட விட அந்தக் கை மேலே போய்க் கீழே வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கலியபெருமாள், "காய்ச்சக்கார உடம்பு மாதிரி சூடா இருக்கும் சார், பயப்படாதீங்க, அதுக்கு அதான் கணக்கு" என்றார்.

நான் அந்த பெஞ்சிலேயே கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன்.

ஆடி 11, சனி

ஏகாதசி. துளசித் தண்ணீர் மட்டும். வனஜா போன் செய்தாள்.

"அம்மா, அப்பாகிட்ட குடு."

"அப்பா என்னத்தடி பேசுவாரு?"

"பேச வேணாம். நான் பேசறத கேப்பாருல்ல. காதுல வையி."

வைத்தேன். அவள் என்ன சொன்னாளோ, அவர் கண் கலங்கியது. பாதியில் வாங்கி, அப்பாவுக்கு அசதியாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அழுதால் ரத்த அழுத்தம் ஏறும்.

ஆடி 16, வியாழன்

இன்றுதான் ஏற்றினார்கள். ஒரு மரமேடை இருக்கிறது, படி வழியாக ஏறி அதிலிருந்து முதுகுக்கு மாற வேண்டும். ஒரு பக்கம் ரெஜினா, ஒரு பக்கம் வேறொரு ஆள், முன்னால் கயிற்றோடு கலியபெருமாள். இவர் முகம் வெளுத்துப்போனது. நான் நாராயணா நாராயணா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு உயரத்தில் அவரைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. நாற்காலியிலும் கட்டிலிலும்தான் பார்க்கிறேன்.

"போலாமா ஐயா?" என்று ரெஜினா கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் பெஞ்சிலிருந்து, "போலாம் போலாம்" என்றேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது அவர் சொன்னார். "ரைட்."

தெளிவாக. பஸ்ஸில் சொல்வதுபோலவே, முன்னால் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி. மிட்டாய் நடந்தது.

கலியபெருமாள் சிரித்து, "டிக்கெட் எடுக்காதவங்க எறங்கிக்குங்க" என்றார். இவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது. ஒரு சுற்று முடிந்து மேடைக்கு வந்ததும், "ஹோல்டான்" என்றார். குதிரை நின்றது. கலியபெருமாள் கயிற்றை இழுத்ததால் நின்றிருக்கும்.

பாட்டு, எண், பழகின சொல் இதெல்லாம் சில பேருக்கு முதலில் திரும்பி வரும், இதை வைத்து உடனே எல்லாம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள் என்றார் ரெஜினா.

எனக்குச் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து போர்வை எல்லாம் துவைத்தேன். "ஏங்க, எனக்கும் ஒரு தடவை ரைட்டுன்னு சொல்லுங்க" என்றேன். தண்ணீர் வேண்டுமென்று சைகை காட்டினார். அதற்கு முன்பே தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன்.

ஆடி 18, சனி

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், கொஞ்சமாகச் சர்க்கரைப் பொங்கல். ஆற்றுக்குப் போகவில்லை. அவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

பூஜையில் உட்கார்ந்திருந்தபோது குதிரைமுகப் பெருமாள் படம் கண்ணில் பட்டது. திருவந்திபுரம் மலையில் வாங்கியது. வனஜா பத்தாவது எழுதும்போது அந்த ஹயக்ரீவரிடம்தான் கூட்டிப்போய் நிறுத்தினேன். படிப்புக்கும் வாக்குக்கும் அவர்தான். பேச்சுக்கு உரிய சாமியே குதிரை முகத்தோடு நம் ஊர் மலையில் இருக்க, குதிரை வழியாகவே பேச்சு திரும்புகிறது. எனக்கு இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை.

வேண்டிக்கொண்டேன். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை அவர் பேசினால், பெருமாளுக்கு உரிய, கடலைப்பருப்பும் வெல்லமும் சேர்த்த மட்டி ஒரு படி செய்து, குதிரைக்கே ஊட்டுகிறேன் என்று.

ஆடி 27, திங்கள்

மூன்று சுற்று. இன்று ஊர் பேர்கள் வந்தன. "ஆல்பேட்டை" என்றார். கொஞ்ச தூரம் போய், "கன்னியக்கோவில்." பிறகு "கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம்." வேலியோரம் ஒவ்வொரு தென்னையும் ஒவ்வொரு ஸ்டாப்பிங். முப்பது வருஷம் சொன்னது. கலியபெருமாள் ஒரு மரத்தடியில் நின்று, "சார், தவளக்குப்பம் ஒண்ணு, சில்லறை இல்ல" என்றதும், அவர் கையைத் தூக்கி முறைத்தார். சில்லறை இல்லாதவர்களை முறைப்பாரே, அதே முறைப்பு.

இறங்கியதும் ரெஜினா சொன்னார். "இடுப்பு நல்லா நிக்குது. மூச்சும் நீளமா வருது. வீட்டுல ஒண்ணு பண்ணுங்கம்மா. அவர் கேக்கற வரைக்கும் குடுக்காதீங்க. தண்ணியா இருந்தாலும்."

"தாகத்துல தவிக்க விடவா?"

"தவிக்க விட வேணாம். கொஞ்சம் காத்திருங்க."

காத்திருக்க வேண்டுமாம். விடியலிலிருந்து இரவு வரை ஒரு நிமிஷம் நின்றால் எல்லாம் தேங்கிவிடும். இவர் ஒரு வார்த்தைக்குக் கால்மணி நேரம் திணறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் அடுப்பை யார் பார்ப்பது? அதைச் சொல்லவில்லை. தலையாட்டினேன்.

"நீங்க ராத்திரி தூங்கறீங்களா?" என்றார். தூங்குகிறேன் என்றேன்.

ஆடி 29, புதன்

ஆடி அமாவாசை. மாமனாருக்குத் தர்ப்பணம். மந்திரத்தை ஐயர் சொல்லச் சொல்ல, அவருக்குப் பதில் நான் சொன்னேன். எள்ளும் தண்ணீரும் அவர் கையால் விடவைத்தேன். ஐயர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போனார்.

ஆவணி 6, வியாழன்

மழைத் தூறல், ஏற்றவில்லை. கொட்டகைக்குள் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே குடையோடு நின்றேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. கலியபெருமாள்தான் என்று நினைத்தேன். அந்த ஆளோ எதிரே கிணற்றடியில் நின்று வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

இரண்டிரண்டு சொல்லாக, நடுவில் நீளமாக நிறுத்தி நிறுத்தி, "நல்லா... நல்லா இரு" என்றோ, "நல்லா... இல்ல" என்றோ கேட்டது. பிறகு ஏதோ சொல்லி, குதிரை புர் என்றதற்குச் சிரித்தார்.

நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டார். குதிரையும் காதை மடக்கியது.

வழியெல்லாம், "என்னங்க பேசினீங்க, சொல்லுங்க, பசிக்குதா, கால் வலிக்குதா, வனஜா ஞாபகமா" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷம். போகட்டும்.

ஆவணி 12, புதன்

நாளை ஹயக்ரீவ ஜெயந்தி, வியாழக்கிழமை வேறு, குதிரைக்குப் போகிற நாள் வேறு. மூன்றும் ஒன்றாக வருவது சும்மா இல்லை. அவர் என்னிடம் இன்னும் பேசவில்லைதான். ஆனால் நல்ல நாள் நமக்காகக் காத்திருக்காது. பெருமாளுக்கு முன்கூட்டியே செலுத்தினால் அவர் கோபித்துக்கொள்ளப்போவதில்லை.

ஒரு படி கடலைப்பருப்பு, இரண்டு கிலோ வெல்லம், தேங்காய், ஏலக்காய், வீட்டில் உருக்கிய நெய். மனிதருக்கு என்றால் குழைய வேகவைப்பேன். குதிரைக்குப் பல் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் ஊறினால் போதும்.

கால் வீக்கம் இன்று அதிகம். என் கால்.

ஆவணி 13, வியாழன். மதியம்

படைத்துவிட்டுத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துப் போனேன். கலியபெருமாள் சேணம் எடுக்கக் கிணற்றுப் பக்கம் போன நேரம். ரெஜினா போனில் இருந்தார். மிட்டாய் இத்தனை ஆசையாக எதையும் தின்று நான் பார்த்ததில்லை. காதை மடக்கவில்லை. மூக்கால் என் தோளைத் தள்ளிக் கேட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. பாத்திரம் முழுவதும் ஊட்டினேன்.

அவர் மரமேடைப் படியில் உட்கார்ந்திருந்தார். இடது கையை நீட்டி ஏ, ஏ என்று சத்தம் போட்டார். அவருக்கும் ஆசை. ஒரு உருண்டை அவர் வாயிலும் வைத்தேன். துப்பிவிட்டார். விழுங்கச் சிரமம்.

இரண்டு சுற்று போய்விட்டு வீட்டுக்கு வந்தோம். பதினொன்றரைக்கு ரெஜினாவிடமிருந்து போன். குதிரை படுத்துப் புரளுகிறதாம். டாக்டர் வந்துகொண்டிருக்கிறாராம். "யாராவது ஏதாவது தின்னக் குடுத்தாங்களாம்மா? எல்லாரையும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

தீனி ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். நான் கொடுத்தது தீனி இல்லை, பிரசாதம்.

அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். போன் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். எழுந்தார். நான் பிடிக்காமலே எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருக்கிறார். கால் மாறி நுழைக்கிறார். ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டும்.

ஆவணி 14, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். இன்று விளக்கேற்றியதைத் தவிர வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது மிட்டாய் மணலில் நின்றது. உடம்பெல்லாம் வியர்வை, சோப்பு நுரை மாதிரி. முன்னங்காலால் மண்ணைப் பறித்துப் பறித்து, தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. முழங்கால் மடங்கும், கலியபெருமாள் கயிற்றைத் தூக்கி, "படுக்காதடி, என் தங்கமே, படுக்காத" என்பார். மறுபடி மடங்கும். டாக்டர் சின்ன வயசுக்காரர், காதில் குழலை வைத்து வயிற்றைக் கேட்டார். "சத்தமே இல்ல. வழக்கமான தீனிதானா? வேற எதுவும் இல்லையா?"

"எல்லாரையும் கேட்டுட்டேன் டாக்டர்" என்றார் ரெஜினா. அப்போது எங்களைப் பார்த்தார்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "சார், காலைல நீங்கதான பக்கத்துல இருந்தீங்க. எதாவது பாத்தீங்களா?"

அவரிடம் யார் எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். நேற்று என் வாய் ஒட்டிக்கொண்டது. நாக்கு உள்ளே கிடந்தது கனமாக. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"ப..." என்றார். "ப..."

"படுத்துச்சா சார்? பக்கெட்டா?" என்றார் கலியபெருமாள்.

ரெஜினா கையை உயர்த்தினார். குதிரையின் மூச்சு மட்டும் கேட்டது. அவர் கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, இடது கை முஷ்டியாக மடங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் போய் அவர் நெஞ்சைத் தடவிவிட்டிருப்பேன், வேண்டாங்க, விடுங்க என்று சொல்லியிருப்பேன். என்னால் நகர முடியவில்லை.

"பருப்பு" என்றார்.

மூச்சு வாங்கினார்.

"வெல்லம்."

கையை என் பக்கம் நீட்டினார்.

"இவ." பிறகு, யாரும் கேட்காமலேயே, "நெறய."

டாக்டர் என்னிடம் வந்தார். என்ன பருப்பு, எவ்வளவு, வெந்ததா வேகாததா, எத்தனை மணிக்கு. சொன்னேன். நெய்யும் தேங்காயும் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "குதிரைக்கு வாந்தி எடுக்க வராதும்மா. உள்ள போய் ஊதிச்சுன்னா வெடிக்கிறதுதான் வழி. இது தெரியாம வலி ஊசி போட்டுட்டுக் கிளம்பியிருப்பேன்" என்றார்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். தண்ணீர் ஊற்றி, வாளியில் வடியவிட்டு, மறுபடி ஊற்றி, மறுபடி வடியவிட்டு. வாளி என் காலருகில் இருந்தது. அதிலிருந்து ஏலக்காயும் நெய்யும் மணத்தது. என் பூஜை அறை வாசனை அந்த வாளியில். கண்ணை மூடிக்கொண்டு பெருமாள் பெயரைச் சொல்லப் பார்த்தேன். வரவில்லை.

பிறகு மெதுவாக நடத்த வேண்டும் என்றார் டாக்டர். கலியபெருமாள் கயிற்றைப் பிடித்தார். இவரும் போய்க் கயிற்றுக்கு இடது கையை நீட்டினார். எல்லாரும் குதிரையின் இடது பக்கம் நின்று நடத்துவார்கள். இவருக்கு வலது கை உதவாது, அதனால் மறுபக்கம் போய் நின்றார். கலியபெருமாள் இந்தப் பக்கம். ஒரு காலை இழுத்து இழுத்து அவர் நடக்கிற வேகம்தான் அதற்குச் சரியான வேகமாக இருந்தது. மரத்துக்கு மரம் நின்றார்கள். "ரைட்" என்பார், நடக்கும். "ஹோல்டான்" என்பார், நிற்கும். யாரும் சிரிக்கவில்லை.

நான்கு மணி வாக்கில் சாணி போட்டது. டாக்டர் முதல் தடவையாக உட்கார்ந்தார். இப்படித் தின்றால் குளம்பிலும் நோவு இறங்கும், அது சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு நாள் போனால்தான் நிச்சயமாகச் சொல்லலாம் என்றார்.

ரெஜினா என்னிடம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கத்துவார் என்று இருந்தேன்.

"போன்ல கேட்டேனேம்மா."

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"ஐயா வரலாம். ஏத்த முடியாது, தேய்க்கலாம், நடத்தலாம். நீங்க உள்ள வர வேணாம். கோவத்துல சொல்லல. கோவம் போனப்புறமும் இதையேதான் சொல்வேன்."

ஆட்டோவில் இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஆவணி 15, சனி

நான் அவரோடு பேசவில்லை. அத்தனை பேர் முன்னால் இவ என்று கை நீட்டினாரே. நல்லதுக்குத்தான் நீட்டினார். தெரியும். ஆனாலும் பேசவில்லை. நான் பேசாவிட்டால் இந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை என்பது இன்றுதான் தெரிந்தது. மிக்ஸி சத்தம்கூட ஆளைப் போலக் கேட்டது.

காப்பியை வைத்தேன். குடிக்கவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் போனது. ஆறிப்போய் ஆடை படிந்தது.

"சக்... சக்கர" என்றார்.

பேசக்கூடாது என்று இருந்தவள் பேசிவிட்டேன். "டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு."

"டாக்டர்... சொல்லல." மூச்சு. "நீ."

அது உண்மைதான். சர்க்கரை வியாதி அவருக்கு இல்லை. எனக்கு வந்த கோபத்தில் எல்லாம் வெளியே வந்தது. எட்டு மாதமாக நான் படுகிற பாடு, என் கால், என் தூக்கம், யாருக்காக அந்த ஒரு படி பருப்பை ஊறவைத்தேன், யாருக்காக அந்தக் குதிரைக்கு முன்னால் கைகட்டி நின்றேன். "எல்லாம் உங்களுக்காகத்தான்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். திறந்தார். எனக்கு இன்னும் பத்து விஷயம் சொல்ல இருந்தது. சண்டையில் மறுபக்கம் பேசாவிட்டால் நாம் பேசுவதற்கு ருசியில்லை. நிறுத்திக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றேன். சொல்லட்டும், என்னதான் சொல்கிறார் பார்ப்போம் என்று. அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. போகவில்லை.

"நான்... நான்... கேட்டனா?"

அவ்வளவுதான். சர்க்கரை டப்பாவை எடுத்துப் போய் அவர் முன்னால் டொக்கென்று வைத்தேன். இடது கையால் மூன்று ஸ்பூன் அள்ளிப் போட்டார், பாதி மேஜையில். துடைக்கவில்லை. குழம்பையும் கொட்டிவிட்டேன்.

நாங்கள் சண்டை போட்டு எவ்வளவு காலமாகிவிட்டது.

ஆவணி 16, ஞாயிறு

கலியபெருமாள் போன் செய்தார். மிட்டாய் புல் கடிக்கிறது. குளம்பு குளிர்ந்திருக்கிறது.

ஆவணி 17, திங்கள்

காலை அவரே சட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பொத்தான் நான் போட்டேன். வாசலில் ஆட்டோ வந்ததும் நான் பையை எடுத்தேன். அவர் பையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ... வேணாம்."

"தனியா எப்படிப் போவீங்க? விழுந்தா? ஆட்டோக்காரருக்கு என்ன தெரியும்? ஒண்ணுக்கு வந்தா எப்படிச் சொல்லுவீங்க?"

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரு பதில் வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் நின்றேன்.

"சொல்... சொல்லுவேன்" என்றார்.

அனுப்பிவிட்டேன். தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்தேன். கலியபெருமாளுக்குப் போன் செய்து, பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள் என்றேன். "கண்டக்டர் சாரா? நீங்க கவலைய விடுங்கம்மா, நாலு பேர் நிக்கிறோம்" என்றார். அதன் பிறகு போன் செய்ய யாரும் இல்லை. அரிசியைக் களைய எடுத்து, கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று கூடத்தில் உட்கார்ந்தேன். பெருமாள் படம் எதிரே இருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். யாரிடம் கேட்பது என்று யோசிக்க யோசிக்கக் கண் செருகியது. வெறுந்தரையில் முந்தானையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தேன்.

கதவு தட்டுகிற சத்தத்தில் விழித்தேன். வெயில் சமையலறைவரை வந்துவிட்டது. கன்னத்தில் தரையின் கோடு பதிந்து, வாயோரம் எச்சில் ஒழுகியிருந்தது. துடைத்துக்கொண்டு ஓடித் திறந்தேன்.

அவர் நின்றிருந்தார். ஆட்டோ போய்விட்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. சட்டையெல்லாம் குதிரை முடி, கையில் சாணி, முகத்தில் வியர்வை. என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ரொம்ப நேரமா தட்டினீங்களா? விழுந்துட்டீங்களா? அங்க ஏதாச்சும்—" என்று ஆரம்பித்தேன். அவர் உதடு அசைந்தது. நிறுத்திக்கொண்டேன்.

ப என்று கூட்டினார். பார்த்தேன், போனேன், பிடித்தேன், படுத்திருக்கிறது. மனசுக்குள் எல்லா வார்த்தைகளும் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போட வந்து எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான் நின்றேன், நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

"பசிக்குது" என்றார்.

காலையிலிருந்து ஒன்றும் சமைக்கவில்லை. களைய எடுத்த அரிசி அப்படியே இருக்கிறது. எட்டு மாதத்தில் வீட்டில் சோறு இல்லாதது இதுதான் முதல் தடவை.

"தூங்கிட்டேங்க. இனிமேதான் உலை வைக்கணும். அரை மணி ஆகும்" என்றேன்.

நாற்காலிக்குப் போய்த் தானே உட்கார்ந்தார். மூச்சு நிதானமாகும்வரை இருந்துவிட்டுச் சொன்னார்.

"ஆவட்டும்."